வளரிளம் பருவத்தில் பிறப்புறுப்பு ஹெர்பீஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புண் இப்போது இருக்கிறது என்றால் முதல் கேள்வியை மட்டும் படித்துவிட்டுக் கிளம்புங்கள். மற்றவற்றை மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்து படிக்கலாம். 10 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் சேர்த்தே எழுதியிருக்கிறோம். இதில் வரும் மருந்தளவுகள் மருத்துவர் தந்த சீட்டோடு ஒப்பிட்டுப் புரிந்துகொள்வதற்கு. இதைப் பார்த்துத் தானாகக் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டாம்.

பிறப்புறுப்பில் புண் வந்திருக்கிறது. இன்றைக்கு என்ன செய்ய வேண்டும்?

இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். முடியாவிட்டால் நாளைக்குள். இந்த அவசரத்துக்கு இரண்டு காரணங்கள் உண்டு. கொப்புளம் நீர் கோத்து ஈரமாக இருக்கும்போது எடுக்கும் மாதிரியில்தான் வைரஸ் நிறைய இருக்கும். பொருக்குத் தட்டிய பிறகு எடுத்தால், நோய் இருந்தும் ‘இல்லை’ என்று முடிவு வரக்கூடும். அடுத்தது மாத்திரை: முதல் 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம். அதற்காக நான்காம் நாள் போய்ப் பயனில்லை என்று விட்டுவிடாதீர்கள். புதிய கொப்புளங்கள் வந்துகொண்டிருக்கும் வரை, வலி இருக்கும் வரை மாத்திரை உதவும்.

போகும்வரை கொப்புளத்தைக் கிள்ளாதீர்கள், ஊசியால் குத்தாதீர்கள். கிருமிநாசினி, பவுடர், வீட்டில் கிடக்கும் களிம்பு எதையும் தடவாதீர்கள். குறிப்பாக, ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாடிக்கும் கலந்து, ‘அரிப்புக்கு’ என்று விற்கப்படும் களிம்பு. அதிலுள்ள ஸ்டீராய்டு அந்த இடத்தின் எதிர்ப்பாற்றலை அடக்கிவிடும். இரண்டு நாள் சிவப்பு தணிந்தது போலத் தெரியும், பிறகு புண் பரவும். அதற்குள் புண்ணின் உருவமே மாறிவிடுவதால் மருத்துவருக்கும் அடையாளம் தெரியாது.

இன்னொன்று. புண்ணைக் கைபேசியில் படமெடுத்து யாருக்கும் அனுப்ப வேண்டாம். படத்தை மட்டும் பார்த்து இந்த நோயை உறுதி செய்ய முடியாது. அதோடு, 18 வயதுக்கு உட்பட்டவரின் அந்தரங்கப் படத்தை எடுப்பதும் வைத்திருப்பதும் பகிர்வதும் பல நாடுகளில் சட்டப்படி குற்றம், அது உங்களுடைய படமாகவே இருந்தாலும்.

ஹெர்பீஸ் என்பது என்ன? அக்கி என்கிறார்களே, அதுவா?

வேறு. அக்கி என்று வழக்கில் சொல்வது, சின்னம்மையை உண்டாக்கும் வைரஸ் பல ஆண்டுகள் கழித்து மீண்டும் தலைதூக்குவது. அது உடலின் ஒரே பக்கத்தில் பட்டையாகப் படரும். சிலர் ஹெர்பீஸையும் ‘பிறப்புறுப்பு அக்கி’ என்று எழுதிவிடுவதால் இந்தக் குழப்பம்.

இங்கே பேசுவது ஹெர்பீஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸைப் பற்றி. சுருக்கமாக எச்எஸ்வி. இதில் இரண்டு வகை உண்டு. எச்எஸ்வி-1 பெரும்பாலும் உதட்டோரக் கொப்புளத்துக்குக் காரணம். சிறு வயதிலேயே எச்சில் வழியாகவும் முத்தம் வழியாகவும் பலருக்கு வந்துவிடுகிறது. எச்எஸ்வி-2 ஏறக்குறைய முழுவதும் பாலுறவு வழியாகப் பரவுவது. உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுக் கணக்கீட்டின்படி, 50 வயதுக்கு உட்பட்டவர்களில் சுமார் 380 கோடிப் பேரிடம் முதல் வகையும், 15 முதல் 49 வயது வரை உள்ளவர்களில் சுமார் 52 கோடிப் பேரிடம் இரண்டாம் வகையும் இருக்கின்றன. பெரும்பாலானவர்களுக்குத் தங்களிடம் அது இருப்பதே தெரியாது.

பல நாடுகளில் இளைஞர்களுக்கு முதன்முதலாக வரும் பிறப்புறுப்பு ஹெர்பீஸில் பெரும்பங்கு இப்போது எச்எஸ்வி-1. சிறு வயதில் உதட்டில் அது வந்திராதவர்கள், எதிர்ப்பொருள் (வைரஸை எதிர்க்க உடல் உருவாக்கும் புரதம்) எதுவும் இல்லாமலே பதின்பருவத்துக்கு வருகிறார்கள். வாய்வழி உறவின்போது துணையின் உதட்டிலிருந்து அது பிறப்புறுப்புக்குத் தாவுகிறது. ‘உதட்டுப் புண்தானே’ என்று அலட்சியமாக இருக்கக்கூடாது என்பதற்கு இதுதான் காரணம்.

தொற்றிய வைரஸ், தோலிலிருந்து நரம்பு வழியே மேலேறி, முதுகெலும்பின் அடிப்பகுதியை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் போய் உறங்கிவிடும். அவ்வப்போது விழித்து அதே நரம்பு வழியே தோலுக்கு இறங்கி வரும். புண் திரும்பத் திரும்ப ஏறத்தாழ அதே இடத்தில் வருவது அதனால்தான்.

முதல் தடவை எப்படி இருக்கும்?

தொற்றிய 2 முதல் 12 நாட்களுக்குள், பொதுவாக 4ஆம் நாள் வாக்கில், அந்த இடத்தில் எரிச்சலோ அரிப்போ தொடங்கும். சிவந்த தோலின் மேல் கடுகு அளவுக் கொப்புளங்கள் கொத்தாக எழும்பும். ஓரிரு நாட்களில் அவை உடைந்து, தொட்டாலே வலிக்கும் ஆழமில்லாத புண்களாக மாறும். பெண்களுக்கு ஈரமான உட்பகுதியில் கொப்புளம் கண்ணில் படுவதற்குள் உடைந்துவிடுவதால், நேராகப் புண்ணாகத்தான் தெரியும். தோலில் வந்தவை பொருக்குத் தட்டி ஆறும். உட்பகுதியில் வந்தவை பொருக்கில்லாமலே மூடும்.

கூடவே காய்ச்சல், தலைவலி, உடம்பு வலி வரும். தொடை இடுக்கில் இரண்டு பக்கமும் நெறி கட்டும். சிறுநீர் பட்டால் எரியும். பெண்களுக்கு வெள்ளைப்படுதல் கூடலாம். மருந்தில்லாமல் விட்டால் 2 முதல் 4 வாரம் வரை இழுக்கும். இதற்கு நேர்மாறாக, ஒரே ஒரு கீறல் போல வந்து, ‘சவரம் செய்தபோது பட்டுவிட்டது’ என்று நினைத்து மறந்துவிடுபவர்களும் ஏராளம்.

வேறு ஏதாவதாகவும் இருக்கலாமா?

இருக்கலாம். இந்த வயதில் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும், ஏனென்றால் தவறாக ஒட்டப்பட்ட ‘ஹெர்பீஸ்’ முத்திரை ஒரு பதின்பருவத்தினரை நெடுநாள் துரத்தும்.

உடலுறவே கொண்டிராத சிறுமிகளுக்கும், காய்ச்சலோ தொண்டை வலியோ வந்த சில நாட்களில், பிறப்புறுப்பில் திடீரென்று பெரிய, ஆழமான, மிகுந்த வலியுள்ள புண் வருவதுண்டு. லிப்ஷூட்ஸ் புண் என்று பெயர். அடிப்பகுதி சாம்பல் நிறமாக இருக்கும், ஓரம் கருஞ்சிவப்பாக இருக்கும். பல சமயம் இடமும் வலமும் ஒன்றுக்கொன்று எதிரெதிராக அமையும். எப்ஸ்டீன்-பார் வைரஸ், இன்ஃபுளூயன்சா, கோவிட் போன்றவற்றை ஒட்டி இது வரலாம். இது பால்வினை நோயல்ல. யாருக்கும் ஒட்டாது. இரண்டு மூன்று வாரத்தில் தானாக ஆறும். பார்த்த மாத்திரத்தில் ஹெர்பீஸ் என்று முடிவுகட்டி அந்தச் சிறுமியைக் குறுக்கு விசாரணை செய்வதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு.

சிபிலிஸ் புண் பொதுவாக ஒன்றாக, கெட்டியாக, வலியில்லாமல் இருக்கும். சவரத்துக்குப் பின் மயிர்க்கால் சீழ்பிடித்தால் ஒவ்வொரு பருவின் நடுவிலும் ஒரு முடி தெரியும். சொறிச்சிரங்கு இரவில் அதிகம் அரிக்கும். வீட்டில் மற்றவர்களுக்கும் இருக்கும். சிலருக்கு ஒரு குறிப்பிட்ட வலி மாத்திரையோ ஆன்டிபயாடிக்கோ சாப்பிடும் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் கருஞ்சிவப்புத் திட்டு வந்து புண்ணாகும். அது மருந்து ஒவ்வாமை. வாய்ப்புண்ணும் பிறப்புறுப்புப் புண்ணும் சேர்ந்து மாறி மாறி வந்தால் பெசெட் நோயையும் (ரத்தக் குழாய்களில் அழற்சி உண்டாக்கும் அரிய நோய்) மருத்துவர் பரிசீலிப்பார். ஆண்குறி மொட்டின் விளிம்பில் முத்துக் கோத்தது போல வரிசையாக இருக்கும் சின்னச் சின்ன மேடுகள் நோயே அல்ல. அவை அப்படியேதான் இருக்கும், வலிக்காது, ஆற வேண்டிய தேவையும் இல்லை.

உடலுறவு கொண்டதில்லை. ஆனாலும் பரிசோதனையில் எச்எஸ்வி வந்திருக்கிறது. எப்படி?

முழு உடலுறவு தேவையில்லை. வாய்வழி உறவும், தோலோடு தோல் உரசுவதும் போதும். தன் உதட்டில் முதன்முதலாகப் புண் வந்திருக்கும் நாட்களில் அதைத் தொட்ட விரலால் பிறப்புறுப்பைத் தொட்டாலும் அரிதாக இடம் மாறும். உடலில் எதிர்ப்பொருள் இன்னும் உருவாகாத முதல் சில வாரங்களில்தான் இது நடக்கும்.

இன்னொரு வாய்ப்பையும் மூடி மறைக்கக்கூடாது. யாராவது கட்டாயப்படுத்தி, மிரட்டி, ஏமாற்றி நடந்ததாக இருக்கலாம். அப்படியென்றால் குற்றம் அவருடையது, உங்களுடையது இல்லை. மருத்துவரிடம் ‘என் விருப்பமில்லாமல் நடந்தது’ என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும், மற்றதை அவர் கேட்டுக்கொள்வார். பருவமடையாத குழந்தையின் பிறப்புறுப்பில் எச்எஸ்வி உறுதியானால் வன்கொடுமை நடந்ததா என்று பார்ப்பது மருத்துவர்களின் கடமை. ஆனால் அந்த முடிவு ஒன்றை மட்டும் வைத்து வன்கொடுமை நடந்தது என்று சொல்லிவிட முடியாது.

கழிப்பறை இருக்கை, துண்டு, நீச்சல் குளம்?

இவற்றால் வராது. உடலுக்கு வெளியே இந்த வைரஸ் அதிக நேரம் தாங்காது. துணிகளைத் தனியாகத் துவைக்க வேண்டியதில்லை, தட்டு தம்ளரைத் தனியாக வைக்க வேண்டியதும் இல்லை.

எந்தப் பரிசோதனையைக் கேட்க வேண்டும்?

புண்ணிலிருந்து பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்து, அதில் வைரஸின் மரபுப்பொருளைத் தேடும் பிசிஆர் பரிசோதனை. எச்எஸ்வி இருக்கிறதா என்பதோடு, எந்த வகை என்பதையும் அது சொல்ல வேண்டும். வகை தெரிந்தால்தான் இனி எத்தனை தடவை வரும் என்று ஓரளவு கணிக்க முடியும். மாதிரி எடுக்கும்போது கொப்புளத்தின் மேல்தோலைத் திறந்து, அடிப்பகுதியில் குச்சியை அழுத்தித் தேய்ப்பார்கள். சில நொடிகள் நன்றாகவே வலிக்கும். வலிக்குமே என்று மேலோட்டமாகத் தடவி எடுத்தால் செல்கள் கிடைக்காது, முடிவும் நம்பகமாக இருக்காது. வைரஸை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையும் உண்டு. ஆறத் தொடங்கிய புண்ணிலும், திரும்பி வந்த புண்ணிலும் அது அடிக்கடி தவறவிடும்.

புண் இருக்கும்போது எடுத்த பிசிஆர் ‘இல்லை’ என்று வந்தாலும் நூறு சதவீதம் இல்லை என்று பொருளல்ல. அடுத்த முறை வந்தால் முதல் நாளே போய் மறுபடி எடுங்கள்.

ரத்தப் பரிசோதனையில் ‘பாசிட்டிவ்’ என்று வந்திருக்கிறது. புண்ணே வந்ததில்லையே?

முதலில் எந்தப் பரிசோதனை என்று தாளைப் பாருங்கள். ஐஜிஎம், ஐஜிஜி இரண்டும் எதிர்ப்பொருள் வகைகள். ‘ஐஜிஎம்’ என்றிருந்தால் அதை ஒதுக்கி வைக்கலாம். புதுத் தொற்றா பழையதா என்பதையும் அது சரியாகச் சொல்லாது, எந்த வகை என்பதையும் சொல்லாது. ‘எச்எஸ்வி-1 ஐஜிஜி’ பாசிட்டிவ் என்றால் எப்போதோ முதல் வகை உடலுக்குள் வந்திருக்கிறது என்று மட்டுமே பொருள். உதட்டிலா பிறப்புறுப்பிலா என்று அது சொல்லாது. பெரும்பாலும் சிறு வயது உதட்டுப் புண்ணின் மிச்சமாக இருக்கும்.

‘எச்எஸ்வி-2 ஐஜிஜி’ என்றால் பக்கத்திலுள்ள எண்ணைப் பாருங்கள். பரவலாகப் பயன்படும் பரிசோதனைகளில் 1.1க்கு மேல் போனால் பாசிட்டிவ் என்று அச்சாகும். ஆனால் 3.0க்குக் கீழே இருப்பவற்றில் தவறான பாசிட்டிவ் நிறைய. வேறு முறையில் இன்னொரு தடவை உறுதி செய்யாமல் அதை நம்ப வேண்டாம். மறுபக்கம், தொற்றிய பிறகு எதிர்ப்பொருள் உருவாக 12 வாரம் வரை ஆகலாம். அதற்குள் எடுத்தால் ‘இல்லை’ என்று வரும்.

அறிகுறியே இல்லாத வளரிளம் பருவத்தினருக்கு ‘எதற்கும் பார்த்துவிடுவோம்’ என்று இந்த ரத்தப் பரிசோதனையைச் செய்யக்கூடாது என்பதே அமெரிக்கத் தடுப்புச் சேவைகள் பணிக்குழுவின் பரிந்துரை. 2016இல் சொன்னதை 2023இலும் உறுதிப்படுத்தினார்கள். எங்கள் கருத்தும் அதுதான். தெளிவைவிடக் கலக்கத்தையே அதிகம் தரும் தாள் அது.

என்ன மாத்திரை, எவ்வளவு, எத்தனை நாள்?

மூன்று மருந்துகள் உண்டு: அசைக்ளோவிர், வலாசைக்ளோவிர், ஃபாம்சைக்ளோவிர். பதின்பருவத்தினருக்கும் பெரியவர்களின் அளவே தரப்படுகிறது. சிறு குழந்தைகளுக்கு எடையைப் பார்த்து மருத்துவர் கணக்கிடுவார்.

முதல் தடவைக்கு இவற்றில் ஏதாவது ஒன்று: அசைக்ளோவிர் 400 மி.கி. தினம் 3 வேளை, அல்லது வலாசைக்ளோவிர் 1 கிராம் தினம் 2 வேளை, அல்லது ஃபாம்சைக்ளோவிர் 250 மி.கி. தினம் 3 வேளை. 7 முதல் 10 நாள். பத்து நாளிலும் ஆறவில்லை என்றால் மருத்துவர் நீட்டிப்பார். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் போடலாம். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், ஏனென்றால் மருந்து சிறுநீரகம் வழியாக வெளியேறுகிறது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவைக் குறைக்க வேண்டும், முன்கூட்டியே சொல்லுங்கள். ஒரு வேளை மறந்தால் நினைவு வந்ததும் போடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள். இரண்டையும் சேர்த்துப் போட வேண்டாம்.

பலர் தவறும் இடம் ஒன்று உண்டு. மூன்றாம் நாள் வலி குறைந்ததும் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். முதல் தடவையில் புதுக் கொப்புளங்கள் முதல் வாரம் தாண்டியும் எழும்பும், அதனால்தான் அந்த 7 முதல் 10 நாள் கணக்கு.

அசைக்ளோவிர் களிம்பு மாத்திரைக்கு மாற்று அல்ல. பிறப்புறுப்பில் அதன் பலன் மிகக் குறைவு. ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது. புண்ணில் சீழ்பிடித்திருந்தால் மட்டுமே அதற்கு வேலை.

இந்த மருந்து வேலை செய்யும் விதம் அழகானது. அசைக்ளோவிர் சாதாரண செல்லுக்குள் போனால் ஏறக்குறைய சும்மா கிடக்கும். வைரஸ் புகுந்த செல்லில் மட்டும், வைரஸின் சொந்த நொதியே அதைத் தட்டி எழுப்பி, தன் மரபுப்பொருளைப் படியெடுக்க முடியாமல் செய்துகொள்கிறது. பக்கவிளைவு குறைவாக இருப்பதற்கு இதுவே காரணம். நரம்பு முடிச்சில் உறங்கும் வைரஸ் படியெடுப்பதில்லை, ஆகவே அதை இந்த மருந்து தொடவும் முடியாது. ‘முழுதாகக் குணமாகாது’ என்று சொல்வதன் பொருள் அதுதான். இந்த மருந்தை உருவாக்கிய குழுவில் இருந்த ஜெர்ட்ரூட் எலியனுக்கு 1988இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

சிறுநீர் கழிக்கவே பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

அடக்க அடக்க சிறுநீர் அடர்த்தியாகி இன்னும் எரியும். தண்ணீர் நிறையக் குடித்து நீர்க்கச் செய்யுங்கள். அகலமான தொட்டியிலோ பேசினிலோ வெதுவெதுப்பான நீர் நிரப்பி, அதில் உட்கார்ந்தபடியே சிறுநீர் கழிக்கலாம். அது முடியாவிட்டால் ஒரு குவளை வெந்நீரை, கை பொறுக்கும் சூட்டில், புண்ணின் மேல் மெதுவாக ஊற்றிக்கொண்டே கழியுங்கள். போவதற்கு முன் புண்ணின் மேல் பெட்ரோலியம் ஜெல்லி லேசாகப் பூசினால் சிறுநீர் நேரடியாகப் படாது. மருத்துவர் தரும் லிடோகெய்ன் ஜெல்லைச் சில நிமிடம் முன்னதாகத் தடவலாம். பென்சோகெய்ன் கலந்தவை ஒவ்வாமை தரக்கூடும், தவிர்த்துவிடுங்கள்.

வலிக்கு பாராசிட்டமால் அல்லது ஐபுப்ரோஃபென். 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது. கழுவுவதற்கு வெறும் தண்ணீர் போதும், துடைக்கும்போது தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். தளர்வான பருத்தி உள்ளாடை போடுங்கள், இரவில் இல்லாமலும் இருக்கலாம். மாதவிலக்கு நாளாக இருந்தால் நாப்கினை அடிக்கடி மாற்றுங்கள். ஈரமும் உரசலும் சேர்ந்தால் வலி இரட்டிப்பாகும். ஒவ்வொரு முறை தொட்ட பின்னும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

எப்போது நேராக அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்?

6 முதல் 8 மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, அடிவயிறு கனத்து வலிக்கிறது என்றால். கடும் தலைவலியோடு கழுத்து விறைத்து, வெளிச்சம் பார்க்கக் கூசினால். கண் சிவந்து வலித்தால், கண்ணருகே கொப்புளம் வந்தால். குழப்பமான பேச்சு, வலிப்பு, கால் மரத்துப்போதல் இருந்தால். கர்ப்பமாக இருந்தால், அல்லது எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து எடுத்துக்கொண்டிருந்தால் காத்திருக்கவே வேண்டாம். ‘செத்துவிடலாம்’ என்ற எண்ணம் வந்தாலும் அது இந்தப் பட்டியலில் சேர்ந்ததுதான். உடனே யாரிடமாவது சொல்லுங்கள், தனியாக இருக்காதீர்கள்.

மறுபடியும் வருமா?

வகையைப் பொறுத்தது. எச்எஸ்வி-2 என்றால் முதல் ஆண்டில் பெரும்பாலானவர்களுக்குத் திரும்ப வரும். நான்கு தடவை அளவில் வருவது சாதாரணம். எச்எஸ்வி-1 பிறப்புறுப்பில் வந்தால் முதல் ஆண்டில் ஒரு தடவை வரலாம், பலருக்கு அதன் பிறகு வருவதே இல்லை. இரண்டிலுமே ஆண்டுகள் போகப் போக இடைவெளி நீளும்.

திரும்பி வருவது முதல் தடவை போல இருக்காது. காய்ச்சல் இருக்காது. ஒரே பக்கம் சில கொப்புளங்கள் வந்து, 5 முதல் 10 நாளில் ஆறிவிடும். வருவதற்குச் சில மணி நேரம் முதல் இரண்டு நாள் வரை முன்னால், அதே இடத்தில் சுருக் சுருக்கென்று குத்தும், அல்லது பிட்டத்திலிருந்து தொடை வரை மின்னல் போல இழுக்கும். இந்தச் சைகையைப் படித்துக்கொள்வது முக்கியம், ஏனென்றால் மாத்திரையை அப்போதே தொடங்கினால்தான் முழுப் பலன். வலாசைக்ளோவிர் 500 மி.கி. தினம் 2 வேளை 3 நாள், அல்லது அசைக்ளோவிர் 800 மி.கி. தினம் 3 வேளை 2 நாள். சீட்டு வாங்க நாலு நாள் ஆனால் புண்ணே ஆறிவிடும். ஆகவே மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு, ஒரு தடவைக்கான மாத்திரையைக் கையில் வைத்திருங்கள்.

காய்ச்சல், மாதவிலக்கு, உரசல், தூக்கமின்மை, மன உளைச்சல் சிலருக்குத் தூண்டும். உணவுப் பத்தியம் இருந்தால் வராது என்பதற்கு ஆதாரம் இல்லை.

அடிக்கடி வருகிறது. தினமும் மாத்திரை போடலாமா?

போடலாம். அசைக்ளோவிர் 400 மி.கி. தினம் 2 வேளை, அல்லது வலாசைக்ளோவிர் 500 மி.கி. அல்லது 1 கிராம் தினம் ஒரு வேளை. திரும்ப வருவது 70 முதல் 80 சதவீதம் வரை குறையும். ஆண்டுக்கு ஒரு முறை, இன்னும் தேவையா என்று மருத்துவரோடு பேசி முடிவு செய்யுங்கள். தேர்வுக் காலத்தில் மட்டும் தொடர்ந்து வருகிறது என்றால், அந்தச் சில மாதங்களுக்கு மட்டும் எடுத்துக்கொள்வதும் நடைமுறையில் உண்டு.

இப்போது வந்திருக்கிறது என்றால் என் துணை இப்போதுதான் ஏமாற்றியிருக்கிறாரா?

அப்படிச் சொல்ல முடியாது. முதல் புண் வெளியே தெரியும் நாளும் வைரஸ் தொற்றிய நாளும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, இடையில் மாதங்களோ ஆண்டுகளோ இருக்கலாம். துணைக்கே தன்னிடம் இருப்பது தெரியாமல் இருக்கலாம், ஏனென்றால் புண் எதுவும் இல்லாத நாட்களிலும் வைரஸ் தோலில் கசியும். எச்எஸ்வி-2 உள்ளவர்களிடம் ஏறத்தாழ 10 முதல் 20 சதவீத நாட்களில் இப்படிக் கசிவது தெரிகிறது. எச்எஸ்வி-1இல் இது குறைவு, மாதங்கள் போகப் போக இன்னும் குறையும்.

ஆணுறை போட்டால் போதுமா?

அபாயத்தை நன்றாகக் குறைக்கும், அடியோடு போக்காது. ஆணுறை மூடாத இடத்திலும் புண் வரும். முன்னறிகுறி தொடங்கியதிலிருந்து தோல் முழுவதும் மூடும்வரை எந்த வகை உறவும் கூடாது. உதட்டில் புண் இருக்கும்போது வாய்வழி உறவும் கூடாது. ஒருவருக்கு மட்டும் எச்எஸ்வி-2 இருந்த தம்பதியரிடம் நடத்தி 2004இல் வெளியான ஆய்வில், தினம் 500 மி.கி. வலாசைக்ளோவிர், துணைக்குத் தொற்றுவதை ஏறக்குறைய பாதியாகக் குறைத்தது. அது பெரியவர்களிடம் செய்த ஆய்வு. ஆணுறை, புண் நாட்களில் விலகியிருப்பது, தினசரி மாத்திரை மூன்றும் சேர்ந்தால் பாதுகாப்பு கூடும்.

துணையிடம் எப்படிச் சொல்வது?

நேரில், உடைகள் கலையாத நேரத்தில், ஆளில்லாத இடத்தில். நீளமாகப் பீடிகை போட வேண்டாம். ‘எனக்கு ஹெர்பீஸ் இருக்கிறது என்று பரிசோதனையில் தெரிந்தது. உனக்கும் இருக்கலாம், நீயும் டாக்டரைப் பார்’ என்பது போதும். ‘நீதான் கொடுத்தாய்’ என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். அடி, மிரட்டல், வெளியே பரப்பிவிடுவார் என்ற பயம் இருந்தால் நேரில் சொல்லாதீர்கள். பெயரைச் சொல்லாமல் துணைக்குத் தகவல் தரும் ஏற்பாடு பல பால்வினை நோய் மருத்துவமனைகளில் உண்டு. எழுத்தில், செயலியில் சொல்வதை யோசித்துச் செய்யுங்கள், அது ஸ்கிரீன்ஷாட்டாகி நாலு பேரிடம் போகும்.

பெற்றோருக்குத் தெரியாமல் சிகிச்சை பெற முடியுமா?

நாட்டுக்கு நாடு சட்டம் மாறும். சில இடங்களில் பால்வினை நோய்க்குச் சிறார் தாமாகவே சிகிச்சை பெறலாம். சில இடங்களில் குறிப்பிட்ட வயதுக்குக் கீழே இருந்தால் மருத்துவர் அதிகாரிகளுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். ஆகவே எதையும் சொல்வதற்கு முன் மருத்துவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: ‘நான் சொல்வதில் எது நமக்குள் இருக்கும், எதை நீங்கள் வெளியே சொல்லியாக வேண்டும்?’ நல்ல மருத்துவர் இதற்குத் தெளிவாகப் பதில் சொல்வார். மருத்துவக் காப்பீட்டு ரசீதும் பரிசோதனைக் கூடத்தின் குறுஞ்செய்தியும் யார் கைக்குப் போகும் என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள். ரகசியம் பெரும்பாலும் உடைவது அந்த வழியில்தான்.

பெற்றோர் கேட்பது: பிள்ளைக்கு ஹெர்பீஸ் என்கிறார்கள். என்ன பேசுவது?

முதலில் வலியைப் பற்றிப் பேசுங்கள். ‘ரொம்ப எரிகிறதா, மாத்திரை போட்டாயா, தண்ணீர் குடித்தாயா.’ ‘யார், எப்போது, எங்கே’ என்ற கேள்விகளை இரண்டு நாள் தள்ளிப்போட்டால் குடி முழுகிவிடாது. முதல் அரைமணி நேரத்தில் திட்டு வாங்கும் பிள்ளை, அடுத்த முறை சிறுநீர் அடைத்தாலும் வந்து சொல்லாது. ஒன்றை மட்டும் அன்றே கேளுங்கள், மென்மையாக: ‘உன் விருப்பமில்லாமல் யாராவது ஏதாவது செய்தார்களா?’ துணையின் வயது பிள்ளையின் வயதைவிட மிக அதிகம் என்று தெரிந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். மருத்துவரைச் சிறிது நேரம் பிள்ளையோடு தனியாகப் பேச விடுங்கள். உறவினரிடம் சொல்வதா வேண்டாமா என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும்.

வேறு என்ன பரிசோதனைகள் சேர்த்துச் செய்ய வேண்டும்?

எச்ஐவி, சிபிலிஸ், கிளமிடியா, கொனோரியா. தேவைப்பட்டால் கர்ப்பப் பரிசோதனை. எச்எஸ்வி-2 இருந்தால் எச்ஐவி தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்காகிறது. முதல் எச்ஐவி பரிசோதனை ‘இல்லை’ என்று வந்தாலும் 3 மாதம் கழித்து ஒன்று செய்துகொள்ளுங்கள். புண் ஒரு மாதத்துக்கு மேல் ஆறாமல் இருந்தால் எதிர்ப்பாற்றல் ஏன் குறைந்தது என்று பார்த்தே ஆக வேண்டும்.

தடுப்பூசி உண்டா?

ஹெர்பீஸுக்கு இன்னும் இல்லை. எச்பிவி தடுப்பூசி வேறு வைரஸுக்கானது, கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுப்பது. பெயர் ஒத்திருப்பதால் பலர் குழம்புகிறார்கள். அது போட்டிருக்காவிட்டால் இந்த வருகையிலேயே எச்பிவி, ஹெபடைடிஸ் பி இரண்டையும் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம்.

பிற்காலத்தில் குழந்தை பெறுவதில் சிக்கல் வருமா?

கருத்தரிக்கும் திறனை இது கெடுப்பதில்லை. அபாயம் பிரசவ நேரத்தில்தான், அதுவும் கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் புதிதாகத் தொற்றினால். அப்போது குழந்தைக்கு வரும் வாய்ப்பு 30 முதல் 50 சதவீதம். கர்ப்பத்துக்கு முன்பே உள்ளவர்களுக்கு, தாயின் எதிர்ப்பொருள் குழந்தைக்கும் போய்ச் சேருவதால், 1 சதவீதத்துக்கும் குறைவு. மகப்பேறு மருத்துவரிடம் சொல்லிவிட்டால் 36ஆவது வாரத்திலிருந்து மாத்திரை தருவார். வலி எடுக்கும்போது புண்ணோ முன்னறிகுறியோ இருந்தால் அறுவை சிகிச்சை மூலம் பிரசவம் பார்ப்பார்கள்.

பள்ளிக்கும் விளையாட்டுக்கும் போகலாமா?

உடம்பு முடிந்தால் மறுநாளே போகலாம். பள்ளிக்குத் தெரிவிக்க வேண்டியதில்லை, விடுப்புச் சீட்டில் ‘காய்ச்சல்’ என்று மருத்துவர் எழுதித் தந்தால் போதும், முதல் தடவையில் அது உண்மையும்கூட. சைக்கிள், ஓட்டம், இறுக்கமான நீச்சலுடை ஆகியவற்றைப் புண் மூடும்வரை தள்ளிவையுங்கள். யாருக்காவது ஒட்டிவிடும் என்பதற்காக அல்ல, உரசினால் ஆற நாளாகும் என்பதால்.